ரை விஸ்கியில் தேங்காய் மணப்பது ஏன்?

ஓக் மரப் பீப்பாயில் சில ஆண்டுகள் ஊறிய ரை விஸ்கியை முகர்ந்து மதிப்பிடுகிறவர்கள் குறிப்பேட்டில் அடிக்கடி எழுதும் பெயர்களில் ஒன்று தேங்காய். கூடவே கிராம்பும் வனிலாவும் வரும். தேங்காயை யாரும் துருவிப் போடவில்லை. கிராம்பை யாரும் இடித்துப் போடவில்லை. கேட்பவருக்கு வெறும் பகட்டாகத் தோன்றும் இந்தப் பேச்சு வேதியியல்படி உண்மை. ஓக் மரத்தில் லாக்டோன் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு விஸ்கி லாக்டோன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தேங்காய்க்கு அதன் வாசனையைத் தருவதும் லாக்டோன்கள்தான். இரண்டும் ஒரே பொருள் அல்ல, ஒரே குடும்பம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் இது தாராளமாக உண்டு, ஐரோப்பிய ஓக்கில் குறைவு. கிராம்பின் கதை இன்னும் நேரானது. கிராம்பு மொட்டில் மணக்கும் யூஜெனாலும் ஓக் பலகையிலிருந்து விஸ்கிக்குள் இறங்கும் யூஜெனாலும் ஒரே மூலக்கூறு.

திருப்பூர் மாவட்டத்தின் குண்டடத்துக்காரர்களுக்கு இந்த வாசனைகளைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் தென்னந்தோப்பு. காங்கேயம் பக்கம் போனால் களம் களமாகக் கொப்பரை காய்கிறது. நன்றாகக் காய்ந்த பருப்பின் இனிப்பு வாசம் எது, ஈரம் போகாமல் பூஞ்சை பிடித்த பருப்பின் வாடை எது, எண்ணெய் காறிப்போனால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இங்கே பள்ளிக்கூடம் போகிற பையனுக்கும் தெரியும். மதிப்பிடும் திறமையில் பாதி அதுதான். அது ஏதோ சீமைக்காரர்களோடு பிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பழகிய மூக்கும், தன்னைத்தானே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வட்டாரம் இது. பனியன் கம்பெனியில் வாரமெல்லாம் நின்று சம்பாதித்த கூலி ஒரே இரவில் கடையில் கரைவதைப் பார்க்காத தெரு இங்கே இல்லை. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நான் எழுதுவது மதிப்பிடுவதைப் பற்றி, குடிப்பதைப் பற்றி அல்ல. இரண்டும் எதிரெதிர் வேலைகள். குடிக்க வருகிறவர் நாக்கில் தங்கவிடாமல் மடக்கென்று இறக்கிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறார். மதிப்பிடுகிறவர் ஒரு விரற்கடை அளவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் முகர்கிறார். வாயில் வைத்தாலும் துப்பிவிடுகிறார். ஸ்காட்லாந்தில் விஸ்கிகளைக் கலந்து உருவாக்கும் வல்லுநர்கள் பெரும்பாலும் மூக்காலேயே வேலையை முடித்துவிடுவார்கள். நாளொன்றுக்கு எத்தனையோ மாதிரிகளைப் பார்க்க வேண்டியவர்கள் அவ்வளவையும் விழுங்கினால் மதியத்துக்குள் மூக்கும் மூளையும் வேலையை நிறுத்திவிடும்.

அவர்கள் செய்வது பிரித்தறியும் வேலை. தானியம் தந்தது எது, நொதித்தல் தந்தது எது, மரம் தந்தது எது, வெறும் சாராயத்தின் எரிச்சல் எது என்று நான்கையும் தனித்தனியே பார்க்கிறார்கள். நம் ஊரில் கடைசியாகச் சொன்ன எரிச்சலை மட்டுமே ருசி என்று நம்புகிறவர்கள் அதிகம். ‘சுர்ரென்று இறங்குச்சு, நல்ல சரக்கு’ என்பார்கள். அந்தச் சுர்ரென்ற உணர்வுக்கும் சரக்கின் தரத்துக்கும் ஏறத்தாழ எந்தத் தொடர்பும் இல்லை.

மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்கில் படும்போது எரிகிறதே, அது சுவை நரம்பின் வேலை அல்ல. சூட்டை உணர்வதற்காக உடம்பில் இருக்கும் ஒரு வாயிலை மிளகாய் தட்டித் திறந்துவிடுகிறது. டிஆர்பிவி1 என்ற அந்தப் புரதத்தை 1997இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். வழக்கமாக இந்த வாயில் 42 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குத்தான் திறக்கும். எத்தனால் பட்டதும் அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வாயின் சூடே ஏறக்குறைய 37. அதாவது, சாராயம் வாயைச் சுடுவதில்லை. நம் சொந்த உடம்புச் சூட்டையே நமக்குத் தீயாக உணரவைக்கிறது. எவ்வளவு மட்டமான சாராயத்தாலும் இதைச் செய்ய முடியும். ஆகவே மதிப்பிடக் கற்கும் ஒருவரின் முதல் பாடம், எரிச்சலை எரிச்சல் என்று தனியே குறித்துவைத்துவிட்டு அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடுவது.

அப்பால் தேடுவதற்கு ரை நல்ல ஆசிரியர். ரை கோதுமையின் உறவு. நம்மூர்க் கம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தென்மேற்கு ஆசியாவில் கோதுமை, பார்லி வயல்களில் களையாக முளைத்த புல் அது. களையெடுப்பவரின் கண்ணுக்குத் தப்ப வேண்டுமானால் பயிரைப் போலவே இருந்தாக வேண்டும். அப்படிக் கோதுமையின் சாயல் கொண்ட செடிகளே தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்து, கடைசியில் களையே பயிராகிவிட்டது. இதை விளக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ். குளிரையும் சத்தில்லாத மண்ணையும் தாங்கும் என்பதால் வட ஐரோப்பாவின் ரொட்டித் தானியமான ரை, குடியேறியவர்களோடு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாண்டுக்கும் போய் அங்கே விஸ்கியானது. அதிபர் பதவியிலிருந்து விலகிய ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1797இல் வடிப்பு தொடங்கியது. யோசனை அவருடைய மேலாளரான ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆண்டர்சனுடையது. 1799இல் அங்கே ஏறத்தாழ 11,000 கேலன் வடித்தார்கள். தானியக் கலவை 60% ரை, 35% மக்காச்சோளம், 5% முளைகட்டிய பார்லி.

இன்றைய அமெரிக்கச் சட்டப்படி கலவையில் ரை 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ரை விஸ்கி என்று பெயர் போடலாம். 80 சதவீதச் சாராயத்துக்கு மேல் வடிக்கக் கூடாது. உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். வடிப்புக்கு மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. எவ்வளவு உச்சத்துக்கு வடிக்கிறோமோ அவ்வளவுக்குத் தானியத்தின் குணம் கழன்றுபோகும்.

வடிசாலைக்காரர்களுக்கு ரை ஓயாத தொல்லை. அதன் தவிட்டுப்பகுதியில் அராபினோசைலான் என்ற நார்ச்சத்து மிகுதி. தண்ணீரை உறிஞ்சிப் பசைபோலாகிக் கூழைக் கெட்டிப்படுத்தும்; நொதிக்கும்போது நுரைத்துத் தொட்டிக்கு வெளியே வழியும். அந்த நாரோடு ஒட்டியிருப்பது ஃபெருலிக் அமிலம். நொதித்தலிலும் வடிப்புச் சூட்டிலும் அது உடைந்து 4-வினைல் குவாயகால் என்ற பொருளாகிறது. கிராம்பையும் மசாலாவையும் நினைவூட்டும் வாசம் அதற்கு. இப்படி ரை விஸ்கியில் இரண்டு கிராம்புகள் வந்து சேர்கின்றன, ஒன்று தானியத்திலிருந்து, மற்றொன்று மரத்திலிருந்து. புதிதாக வடித்து இன்னும் பீப்பாய் காணாத ரையை முகர்ந்த பிறகு ஊறியதை முகர்ந்தால்தான் எது எவ்வளவு என்று பிடிபடும். சில சிறு வடிசாலைகள் ஊறாத ரையையும் விற்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு விலை கூடிய பழைய புட்டியைவிட அதுதான் உதவும் என்பேன்.

மூக்கைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தைத்தான். மூக்கிலோ சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள். இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்பதை வைத்தே மூளை ‘இது தேங்காய், இது கிராம்பு’ என்று பெயர் சொல்கிறது. வாய்க்குள் போன பிறகும் வேலை செய்வது மூக்குதான். விழுங்கும்போதோ மூச்சை வெளியே விடும்போதோ தொண்டையின் பின்வழியாக ஆவி மேலேறி மூக்கை அடைகிறது. சளி பிடித்தவருக்குச் சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான்.

ஆகவே மதிப்பிடும் குவளை கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். அகன்ற பகுதியில் ஆவி கூடும், குறுகிய வாயில் தங்கும். மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுக்கக் கூடாது. சாராய நெடி தாக்கினால் பிறகு சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. வாயை லேசாகத் திறந்தபடி, குவளையை விளிம்பளவு தள்ளிப் பிடித்து, சிறு சிறு மூச்சாக முகர வேண்டும். மூக்குக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சாயப்பட்டறைக்குள் நுழைந்த புதிதில் மூச்சுமுட்டுகிறவருக்குப் பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாமல் போவது இப்படித்தான். அதனால் இடையிடையே குவளையை விலக்கி, தன் முழங்கையை முகர்ந்து மூக்கைத் தன்னிலைக்குக் கொண்டுவருவார்கள். பூ, சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்பு வாசம் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தண்ணீர் விடுவது விஸ்கியைக் கெடுப்பது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெருமைக்கு அறிவியலில் ஆதரவில்லை. மணம் தரும் மூலக்கூறுகள் பலவும் தண்ணீரைவிட எத்தனாலோடு ஒட்டிக்கொள்பவை. சாராயம் மிகுந்திருந்தால் அவை திரவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் புகைவாசம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டு கணினி மாதிரியில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். சாராய அளவு 45% வரை இருக்கும்போது குவாயகால் மேற்பரப்புக்கு அருகே வந்து நிற்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் எத்தனால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றிய கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் தொழில்முறை வல்லுநர்கள் மாதிரிகளை 20% அளவுக்கு நீர்க்கவைத்து முகர்வது அதற்கு வெகு காலம் முன்பிருந்தே வழக்கம். நெடி தணிந்தால் மணம் முன்னுக்கு வருகிறது; குறைகளும் ஒளிய முடியாது.

இவ்வளவு கவனமாக முகர்ந்தாலும் மூக்கை ஏமாற்றுவது கடினம் அல்ல. பிரான்சின் போர்தோவில் வைன் கல்வி பயின்ற 54 மாணவர்களிடம் வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். 2001இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இது. கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடுகிறது. விஸ்கியின் அடர்ந்த நிறத்தைப் பார்த்ததும் ‘நெடுநாள் ஊறியது’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். ஸ்காட்லாந்து விஸ்கியில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. அதனால்தான் சில வல்லுநர்கள் நிறமே தெரியாத கருநீலக் குவளையில் முகர்கிறார்கள்.

திருப்பூரில் துணியின் சாய ஷேடு பார்க்கிறவருக்கு இந்த ஒழுங்கு உடனே விளங்கும். துணியைக் கையில் எடுத்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று அவர் சொல்லிவிடுவதில்லை. லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் மறு விளக்கில் வேறாகிவிடும். பையர் யார், ஆர்டர் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் நுழையக் கூடாது. விஸ்கியிலும் அதே நியாயம்தான். புட்டி, விலை, வயது, ஊர், நண்பர் சொன்ன புகழ்ச்சி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எண் மட்டும் எழுதிய குவளையில் முகர்ந்தால்தான் தீர்ப்புக்கு மதிப்பு.

பெயருக்குப் பின்னால் எவ்வளவு குறைவாக வேறுபாடு இருக்கலாம் என்பதற்கு ரை விஸ்கியே சாட்சி. அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளில் ரை மறுபிறவி எடுத்தபோது சிறு வடிசாலைகளின் பெயரில் வந்த பல புட்டிகளுக்குள் இருந்தது, இண்டியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரே பெரிய ஆலையில் 95% ரை கொண்டு வடித்த விஸ்கி. ஆலை நல்ல ஆலை, விஸ்கியும் நல்ல விஸ்கி. ஆனால் கைவினைக் கதையைப் படித்துவிட்டு முகர்ந்தவர்கள் அந்தக் கதையையும் சேர்த்தே முகர்ந்தார்கள்.

நமக்கு அருகில் இருக்கும் உதாரணம் பெங்களூரு. 1948இல் தொடங்கிய அம்ருத் வடிசாலை 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை இந்தியாவில் அல்ல, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகம் செய்தது. இந்திய விஸ்கி என்றாலே உதட்டைப் பிதுக்கிய சந்தை அது. இந்தியப் பார்லியையும், புகையூட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியையும் சேர்த்த அதன் ஃபியூஷன் விஸ்கிக்கு விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தன் 2010ஆம் ஆண்டு விஸ்கி வழிகாட்டியில் 97 மதிப்பெண் தந்து உலகில் மூன்றாம் இடம் கொடுத்தார். பின்னர் முழுக்க முளைகட்டிய ரையில் செய்த ஒரு விஸ்கியையும் அம்ருத் வெளியிட்டது. மதிப்பெண்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. 97க்கும் 96க்கும் இடையே எந்த மூக்கு நிற்க முடியும்? ‘காய்ந்த தேங்காய், பிறகு கிராம்பு, முடிவில் லேசான கசப்பு’ என்ற ஒரு வரி, எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

பெங்களூரு விஸ்கியில் மதிப்பிட வேண்டிய தனி விஷயம் வெயில். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகிப் போகும். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். 11% என்று வைத்துக்கொண்டால் 100 லிட்டர் நாலே ஆண்டில் 63 லிட்டராகச் சுருங்கும். ஸ்காட்லாந்தில் 92 லிட்டர் மிஞ்சியிருக்கும். சூட்டில் திரவம் பலகைக்குள் வேகமாக ஊடுருவி வெளிவரும். லாக்டோன், வனிலின், யூஜெனால், கூடவே துவர்ப்பூட்டும் டானின் எல்லாம் விரைந்து இறங்கும். காற்றில் ஈரம் குறைந்த இடத்தில் சாராயத்தைவிடத் தண்ணீர் முந்திக்கொண்டு போவதால் மிச்சத்தின் வீரியம் ஏறவும் கூடும். மழை மறைவில், காற்றாலைகள் சுழலும் நம் குண்டடம் மேட்டில் ஒரு பீப்பாயை வைத்தால் மரம் இன்னும் அவசரப்படும். ஆகவே வெப்ப நாட்டு ரையை முகர்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை வயது’ அல்ல. மரத்தின் சத்தத்துக்கு மேலே தானியத்தின் குரல் இன்னும் கேட்கிறதா என்பதே.

இங்கே கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதியின் கதை வேறு. கரும்பாலையின் மொலாசஸில் ஏறத்தாழ 96% வரை வடித்த சாராயமே அதன் அடித்தளம். அந்த உச்சத்தில் தானியமோ கரும்போ எதன் குணமும் மிஞ்சாது. அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கியும் நிறமும் சேர்த்து 42.8 சதவீதத்துக்கு நீர்க்கவைக்கிறார்கள். தானியத்தில் வடித்து மூன்று ஆண்டாவது மரத்தில் ஊறாததை விஸ்கி என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. இந்தக் கடைச் சரக்கைத் தண்ணீர் விட்டு முகர்ந்தால் எரிச்சல் போன பிறகு தேடுவதற்கு அதிகம் இருக்காது.

மூக்கின் எல்லையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலும் எத்தனாலும் வாசத்திலும் சுவையிலும் மிக நெருக்கமானவை. கலந்திருந்தால் தேர்ந்த வல்லுநராலும் பிரிக்க முடியாது. தொட்டுப் பற்றவைத்துச் சுடரின் நிறம் பார்ப்பது போன்ற கைவைத்தியச் சோதனைகளை நம்பவே கூடாது. உடம்புக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைக் கொல்கிறது. இதைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்புக் கருவியின் வேலை. முகர்ந்து பார்த்து ‘நல்ல சரக்கு’ என்று சொல்லும் எவருடைய வார்த்தையும் இந்த இடத்தில் செல்லாது.

மூக்கைப் பழக்க மது தேவையே இல்லை. மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகளில் கொப்பரைத் துண்டு, கிராம்பு, வனிலா, கொத்தமல்லி விதை, கருக்கிய சர்க்கரை என்று தனித்தனியே போட்டு, பெயரை அடியில் ஒட்டிவிட்டுக் கண்ணை மூடி எடுத்து முகர்ந்து பார்க்கலாம். தெரிந்த வாசனைக்குப் பெயர் வாயில் வராமல் தவிப்பது எல்லோருக்கும் நேரும். பழகப் பழக அந்தத் தவிப்பு குறையும்.

அடுத்த கட்டம், 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையில் பயன்பாட்டுக்கு வந்த முக்கோணச் சோதனை. இரண்டு செக்குகளில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் போதும். மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஓர் எண்ணெய், ஒன்றில் மற்றது. ஊற்றியவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். ஒட்டாதது எது என்று முகர்கிறவர் சொல்ல வேண்டும். எந்த எண்ணெய் ஒற்றையாக வரும், அது எந்தக் கிண்ணத்தில் இருக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி 12 முறை செய்தால், குருட்டுவாக்கில் சொல்கிறவருக்கும் சராசரியாக 4 முறை சரியாக வரும். 8 முறையோ அதற்கு மேலோ சரியாக வந்தால், அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு 100இல் 2க்கும் குறைவு.